கிழட்டுக் கோழி சொல்லும் வரலாறு

கோழிக்கு முதுமை என்று ஒன்று உண்டா? இந்தக் கேள்வியைக் கேட்டால் பலரும் சிரிப்பார்கள். சிரிப்பதில் தவறில்லை. கறிக்கோழி நாற்பது நாளில் கடைக்குப் போய்விடுகிறது. நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் முட்டைக்கோழிக்கு ஒன்றரை வயது ஆனதும், கொஞ்சம் முன்னே பின்னே, கழித்து விற்றுவிடுகிறார்கள். வீட்டு நாட்டுக்கோழியின் ஆயுள், மருமகன் வரும் நாள் வரைக்கும்தான். ஆனால் வாழவிட்டால் கோழி ஏழெட்டு ஆண்டு வாழும். பத்து வயதைத் தொட்ட ஒன்றிரண்டை நானே பார்த்திருக்கிறேன்.

கால்நடை பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது வீட்டுப் பின்கட்டில் ஆறு கோழிகள் இருக்கின்றன. இளையதற்கு நான்கு வயது, மூத்த செவலைக்கு ஏழு. முட்டை என்பது எப்போதாவது கிடைக்கும் பிரசாதம் மாதிரி. பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மாதத்துக்கு ஒருமுறையாவது கேட்பார்: "முட்டையும் வைக்கல, குஞ்சும் பொரிக்கல. அதுக்கு எதுக்குங்க சார் தினமும் தீனி?" நானும் பென்ஷன், அதுகளும் பென்ஷன் என்று சொல்லிச் சமாளிப்பேன்.

உண்மையில் அதற்கு நீளமான பதில் ஒன்று உண்டு. மனித மருத்துவத்தின் பெரிய கண்டுபிடிப்புகள் சில, உடம்பு சரியில்லாத ஒரு கோழியை யாரோ ஒருவர் பொறுமையாக உற்றுப் பார்த்ததில் இருந்து தொடங்கியவை. அந்தப் பார்வைதான் வயதான கோழி வளர்ப்பவருக்கும் வேண்டும். ஏனென்றால் கோழி தன் நோயை மறைக்கும். சோர்ந்து காட்டினால் பருந்துக்கும் பூனைக்கும் இரையாகும், கூடப் பிறந்த கோழியே கொத்தும். அதனால் கடைசிவரை கூட்டத்தோடு கூட்டமாகக் கிளறுவது போல் பாவனை செய்யும். நம் கண்ணில் நோய் படும்போது இரண்டு மூன்று நாள் கடந்திருக்கும்.

நான்கு கதைகளைச் சொல்கிறேன். ஒவ்வொன்றிலும் கோழியிடம் பார்க்க வேண்டிய ஓர் அடையாளம் இருக்கிறது.

உட்காரும் விதம்

பிரான்சில் 1870களின் கடைசியில் பண்ணைக் கோழிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற நோய் ஒன்று இருந்தது. கோழிக் காலரா என்று பெயர். மனிதருக்கு வரும் காலராவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. துலூஸ் நகரத்துக் கால்நடை மருத்துவப் பள்ளியில் இருந்த ஆன்றி துசேன் இந்த நோயை ஆராய்ந்து, அதன் மாதிரியைப் பாரீசில் இருந்த லூயி பாஸ்டருக்கு அனுப்பினார். பாஸ்டர் அந்தக் கிருமியைக் கோழிச் சாற்றிலேயே வளர்த்தார். கோழியைக் கொல்லும் கிருமிக்குக் கோழி ரசமே உணவு!

பாஸ்டர் 1880இல் வெளியிட்ட அறிக்கையில் நோய்ப்பட்ட கோழியின் தோற்றத்தை எழுதியிருக்கிறார். பலம் இழந்து தள்ளாடும், இறக்கை தொங்கும், இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு உடம்பைப் பந்து போல் ஆக்கிக்கொள்ளும், அடக்க முடியாத தூக்கத்தில் ஆழும். நூற்று நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. எந்தக் கால்நடை மருந்தகத்தில் கேட்டாலும் இன்றும் இதே அடையாளங்களைத்தான் சொல்வார்கள்.

நாளாகிப் போன வளர்ப்புச் சாற்றில் கிருமியின் வீரியம் குறைந்துவிடுகிறது, அதைப் போட்ட கோழி இலேசாக நோயுற்றுத் தேறிவிடுகிறது, பிறகு வீரியமான கிருமியைப் போட்டாலும் சாவதில்லை என்பதை அவர் கண்டார். விடுமுறைக்குப் போய்த் திரும்பியதில் தற்செயலாக நடந்தது என்று ஒரு கதை பள்ளிப் பாடங்களில் ஓடுகிறது. அவருடைய ஆய்வுக் குறிப்பேடுகளைப் படித்த வரலாற்று ஆசிரியர்கள், அது மாதக்கணக்கான பொறுமையான வேலை, அதில் உதவியாளர் எமில் ரூவின் உழைப்பு பெரிது என்கிறார்கள். ஜென்னர் 1796இல் மாட்டம்மையை வைத்து ஊசி போட்டபோது அது இயற்கை கொடுத்த மருந்து. ஆய்வுக்கூடத்தில் ஒரு கிருமியை வேண்டுமென்றே பலவீனமாக்கித் தடுப்பூசி செய்யும் வழி கோழியில் இருந்துதான் துலங்கியது. ஆட்டு அடைப்பானுக்கும் வெறிநாய்க்கடிக்கும் ஊசி வந்தது அதற்குப் பிறகு.

கோழிக் காலரா குஞ்சுகளைவிட வளர்ந்த கோழிகளையே அதிகம் தாக்கும். அதனால் வயதான கோழி பந்து போல் உட்கார்ந்தால் அலட்சியம் கூடாது. ஆனால் அடைக்கு உட்கார்ந்த கோழியும் சிலிர்த்துக்கொண்டுதான் இருக்கும். எப்படிப் பிரிப்பது? கையை நீட்டிப் பாருங்கள். அடைக்கோழி கொர்ரென்று சீறி, கையைக் கொத்த வரும். நோயாளிக் கோழி கண்ணைப் பாதி மூடியபடி பேசாமல் இருக்கும். இறகு உதிர்க்கும் பருவத்திலும் கோழி அலங்கோலமாகத்தான் தெரியும், முட்டையும் நின்றுவிடும். ஆனால் இரை எடுப்பதில் குறை வைக்காது.

நடை

இரண்டாவது கதை சாவகத் தீவில், அன்றைய பத்தேவியா நகரில் நடந்தது. இன்றைய ஜகார்த்தா. டச்சு ராணுவத்தில் பெரிபெரி என்ற நோய் ஆட்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், இதயம் நின்றுவிடும். கிருமிதான் காரணம் என்று நம்பி, அதைத் தேடும் ஆய்வுக்கூடத்துக்குக் கிறிஸ்தியான் எய்க்மான் பொறுப்பேற்றார். கோழிகளுக்குக் கிருமி ஏற்றிப் பார்த்தார்.

ஒருநாள் கோழிகளின் நடை மாறியது. கால் பின்னியது, தள்ளாடின, பிறகு நிற்க முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்தன. கிருமி ஏற்றிய கோழிகளும் சாய்ந்தன, ஏற்றாத கோழிகளும் சாய்ந்தன. சில மாதம் கழித்துத் திடீரென எல்லாம் தேறின. இடையில் மாறியது என்ன என்று எய்க்மான் விசாரித்தார். கோழிகளைப் பார்த்துக்கொண்ட ஆள், ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றை வாங்கி அவற்றுக்குப் போட்டுவந்திருக்கிறார். புதிதாக வந்த சமையற்காரர், ராணுவச் சோற்றைச் சாதாரணக் கோழிகளுக்குக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார். தீனி தவிடு நீக்காத அரிசிக்கு மாறியது, கோழிகள் எழுந்து நடந்தன. இதை எய்க்மானே பின்னாளில் நோபல் உரையில் சொல்லியிருக்கிறார்.

அவருடைய நண்பர் ஃபோர்டர்மன் சாவகத்தில் 101 சிறைச்சாலைகளின் கணக்கை எடுத்தார். தவிடு நீக்காத அரிசி போட்ட சிறைகளில் பத்தாயிரம் பேரில் ஒருவருக்குப் பெரிபெரி. தீட்டிய வெள்ளை அரிசி போட்ட சிறைகளில் 39 பேரில் ஒருவருக்கு. சோற்றில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்று எய்க்மான் முதலில் நினைத்தார். அவருக்குப் பின் அந்த ஆய்வைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ் 1901இல் அதைத் திருத்தி, உடம்புக்குத் தேவையான ஏதோ ஒன்று தவிட்டோடு போய்விடுகிறது என்றார். அதுதான் நாம் இன்று தயாமின் அல்லது பி1 என்று சொல்லும் வைட்டமின். எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. உடல்நலம் குன்றியிருந்ததால் அவரால் போய் வாங்க முடியவில்லை. அடுத்த ஆண்டே காலமானார்.

இந்தக் கதையில் நம்மவர்களும் இருக்கிறார்கள். மலாயாவில் வேலைக்குப் போன தமிழர்கள் புழுங்கல் அரிசி சாப்பிட்டார்கள். சயாமின் வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி வாரிக்கொண்டு போனபோது, தமிழர்களிடம் அது அரிதாகவே இருந்தது. அங்கே மருத்துவராக இருந்த பிராடன் 1907இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் அண்டாவில் நெல் அவித்த வேலைக்கு அறிவியல் காரணத்தைக் கோழிகள் காட்டிக் கொடுத்தன.

வயதான கோழி கால் தாங்கி நடந்தால் முதலில் பிடித்துப் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். உள்ளங்காலில் கறுப்புப் பொருக்கும் வீக்கமும் இருந்தால் அது பாதப்புண். உயரத்தில் இருந்து தினமும் குதித்துக் குதித்து வருவது. நான் அடையும் கொம்பை ஒன்றரை அடி உயரத்துக்கு இறக்கிவிட்டேன். ஏணி மாதிரி ஒரு சாய்வுப் பலகையும் வைத்திருக்கிறேன். கிழக் கோழி கிளறுவது குறைவதால் நகம் தேயாமல் வளைந்து நீளும், அதை நுனியில் வெட்டிவிட வேண்டும். மிஞ்சிய வெள்ளைச் சோற்றை மட்டும் போட்டு வளர்ப்பவர்கள் தவிட்டையும் கம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு கை கீரையும் போடுங்கள். பத்தேவியாக் கோழிகளின் பாடம் அதுதான்.

தடவிப் பார்த்தல்

மூன்றாவது கதை நியூயார்க்கில். ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் பெய்ட்டன் ரௌஸ் என்ற இளம் மருத்துவரிடம் 1909இல் ஒரு கோழி வந்து சேர்ந்தது. பிளிமத் ராக் இனம், நெஞ்சுப் பக்கம் பெரிய கட்டி. அந்தக் கட்டி புற்றுநோய். அதை அரைத்து, உயிரணுக்களும் பாக்டீரியாவும் புக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்த நீரை வேறு கோழிகளுக்கு ஏற்றினார் ரௌஸ். அவற்றுக்கும் அதே புற்று வந்தது. புற்றை உண்டாக்கும் வைரஸ் உண்டு என்று 1911இல் அவர் எழுதியபோது பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை. கோழிக்கு வருவது மனிதருக்கு எப்படிப் பொருந்தும் என்றார்கள். ஐம்பது ஆண்டுக்கு மேல் கழித்து, 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 87.

அதே வைரஸை வைத்துக்கொண்டு பிஷப், வார்மஸ் என்ற இருவரும் அவர்களுடைய கூட்டாளிகளும் 1976இல் இன்னொன்றைக் கண்டார்கள். புற்றை உண்டாக்கும் அந்த வைரஸின் மரபணு, கோழியின் சொந்த உயிரணுவில் இருந்தே எடுக்கப்பட்டது. நோயின் விதை நமக்குள்ளேயே ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மரபணு என்பது புற்றுநோய் ஆராய்ச்சியின் திசையையே மாற்றியது. அவர்களுக்கும் 1989இல் நோபல் கிடைத்தது.

கட்டியைக் கண்டுபிடிக்கக் கோழியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இறகு எல்லாவற்றையும் மூடிவிடும். வாரம் ஒருமுறை, இருட்டிய பிறகு கோழிகள் அடைந்திருக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்ப்பேன். முதலில் மார்பெலும்பு. அது கத்தி போல் விரலில் இடித்தால் சதை கரைந்துவிட்டது என்று பொருள். அடுத்து தீனிப்பை. இரவில் நிறைந்திருக்க வேண்டும், காலையில் காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல் போலவோ தண்ணீர்ப் பை போலவோ இருந்தால் இரை இறங்கவில்லை. பிறகு அடிவயிறு. இறக்கைக்கு அடியிலும் எச்சவாயைச் சுற்றியும் பேனும் செல்லும் இருக்கிறதா என்று பார்த்து முடித்தால் ஒரு கோழிக்கு இரண்டு நிமிடம்.

வயதான பெட்டைகளுக்கு அடிவயிறுதான் முக்கியம். ஆண்டுக்கணக்கில் முட்டை இட்ட உடம்பு அது. மஞ்சள் கரு குழாய்க்குள் போகாமல் வயிற்றுக்குள் விழுந்து சீழ் பிடிப்பது உண்டு. சூலகப் புற்று தானாகவே அதிகம் வருவதும் முட்டையிடும் கோழிக்குத்தான். பெண்களுக்கு வரும் சூலகப் புற்றை ஆராய்பவர்கள் வயதான கோழிகளை வைத்து ஆய்வு செய்வதன் காரணம் அதுவே.

போன ஐப்பசியில் என் மூத்த செவலையின் அடிவயிறு தண்ணீர் ஊற்றிய பலூன் மாதிரி தொட்டேன். நெஞ்சை நிமிர்த்தி, காலை அகட்டி நடந்தது. கால்நடை மருத்துவர் பார்த்து, வயிற்றில் நீர் கோத்திருக்கிறது, உள்ளே கட்டி இருக்கலாம் என்றார். ஊசியால் கொஞ்சம் நீரை எடுத்துவிட்டார். "குணமாகும்னு சொல்ல மாட்டேன். ஆனா மூச்சு வாங்காம இருக்கும்" என்றார். அன்று சாயங்காலமே தவிட்டுக் கிண்ணத்தைத் தேடி வந்துவிட்டது. இன்னும் இருக்கிறது. எத்தனை நாள் என்று எனக்கும் தெரியும், என் வீட்டம்மாவுக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. கிண்ணத்தை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் வைக்கிறோம்.

எச்சமும் கழுத்தும்

நான்காவது கதை நம் நாட்டுடையது. 1926இல் சாவகத்திலும் இங்கிலாந்தின் நியூகாசில் பக்கத்திலும் கோழிகளைக் கூண்டோடு கொல்லும் ஒரு புது நோய் தெரிந்தது. அடுத்த ஆண்டு இமயமலை அடிவாரத்துக் குமாவுன் பகுதியில், ராணிக்கெட் என்ற ஊரில் அது கண்டறியப்பட்டது. அருகில் முக்தேஸ்வரத்தில் இருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் எட்வர்ட்ஸ் அதைப் பதிவு செய்தார். உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது. நாம் ராணிக்கெட் என்கிறோம். ஊரில் அதற்குப் பெயர் வெள்ளைக் கழிச்சல்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், கழுத்து திருகிக்கொள்ளும், கால் இறக்கை விழுந்துவிடும். மருந்து கிடையாது. முக்தேஸ்வரத்து விஞ்ஞானிகள் 1940களில் வீரியம் குறைத்த தடுப்பூசியைக் கொண்டுவந்தார்கள். நம் மாநிலத்தில் 1932இல் தொடங்கிய இராணிப்பேட்டை நிலையம் அந்தத் தடுப்பூசியைத் தயாரித்தது. இதில் ஒரு வேடிக்கை. நான் வேலையில் சேர்ந்த புதிதில் கிராமத்துப் பெரியவர் ஒருவர், "இராணிப்பேட்டையில இருந்து சீக்கையும் அனுப்புறாங்க, ஊசியையும் அனுப்புறாங்களா?" என்று கேட்டார். ராணிக்கெட் வேறு, இராணிப்பேட்டை வேறு என்று விளக்கி முடிப்பதற்குள் அவருடைய கோழிகள் கலைந்து ஓடிவிட்டன!

ஊசி போடும் நாளில் விடிவதற்குள் போய்விட வேண்டும். கூட்டைத் திறந்துவிட்டால் ஒன்றும் கையில் சிக்காது. ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் மருந்துக் குப்பி, சைக்கிளின் பின்னால் பை. பெண்கள் பஞ்சாரத்தைத் தூக்கி ஒவ்வொன்றாகப் பிடித்துத் தருவார்கள், இறக்கைக்கு அடியில் தோலில் போடுவோம். இப்போதும் ஆண்டுதோறும் பிப்ரவரியில் இருவார முகாம் நடக்கிறது.

என் சிறுவயதில் ஊரில் மூன்று வயதுக் கோழியைப் பார்ப்பது அபூர்வம். கோடை வரும், கழிச்சல் வரும், கூடு காலியாகும். ஒரு வீட்டில் சாகத் தொடங்கியதும் அடுத்த வீட்டுக்காரர் மிச்சத்தைச் சந்தைக்குத் தூக்கிப் போவார். நோயும் சந்தை வழியே அடுத்த ஊருக்குப் போகும். இன்று என் பின்கட்டில் ஆறு கிழவிகள் உலாவுகிறார்கள் என்றால், பாஸ்டரின் கோழிச் சாற்றில் தொடங்கிய பாதை முக்தேஸ்வரம், இராணிப்பேட்டை வழியாக என் வீடு வரை வந்ததால்தான். அதனால் வயதாகிவிட்டதே, இனி எதற்கு என்று தடுப்பூசியை நிறுத்தாதீர்கள். சந்தையில் வாங்கிய புதுக்கோழியை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்த பிறகே பழையவற்றோடு விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பல கோழிகள் ஒரே நேரத்தில் செத்தால் கைவைத்தியம் பார்க்கக் கூடாது, அறுத்துச் சாப்பிடவும் கூடாது. 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக உறுதியானபோதும், முதலில் தெரிந்தது கோழிகளின் கூட்டச் சாவுதான். உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். இறந்ததை வாய்க்காலில் வீசாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

மற்றபடி கிழக் கோழிக்கு வேண்டியது அதிகமில்லை. நிழலில் இரண்டு இடத்தில் தண்ணீர், இளசுகள் விரட்டாமல் தின்னத் தனிக் கிண்ணம், இன்னும் முட்டை வைப்பதற்குக் கொஞ்சம் கிளிஞ்சல் தூள், மழையில் நனையாத கூடு. தீனியும் தண்ணீரும் வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டால் வாயைப் பிளந்து ஊற்றாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். துன்பம் நீளாமல் முடித்துவைக்க அவருக்கு வழி தெரியும்.

மருந்தும் ஊசியும் இரண்டாவதாக வருபவை. பாஸ்டரும் எய்க்மானும் ரௌஸும் செய்த முதல் வேலை பார்த்ததுதான். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, நேரம் இருந்தால் போதும். ஓய்வு பெற்றவர்களிடம் அது ஏராளமாக இருக்கிறது. நாளைக் காலை கூட்டைத் திறந்ததும் தீனியை உடனே வீசிவிடாதீர்கள். ஒரு நிமிடம் நின்று, எந்தக் கோழி கடைசியாக வெளியே வருகிறது என்று பாருங்கள்.